மீனின் வயிற்றில் ஓர் ஏரி

1887ஆம் ஆண்டு பிப்ரவரி 25ஆம் நாள், அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் பியோரியா என்னும் ஆற்றங்கரை நகரின் அறிவியல் கழகக் கூட்டத்தில் ஸ்டீபன் ஆல்ஃபிரட் ஃபோர்ப்ஸ் ஒரு கட்டுரை வாசித்தார். ‘ஏரி ஒரு சிற்றுலகம்’ என்று பொருள்படும் தலைப்பு. சில பக்கங்களே கொண்ட அக்கட்டுரை உள்ளூர்க் கழகத்தின் இதழில் வெளியாகி, நெடுங்காலம் பலர் கண்ணில் படாமலே கிடந்தது. 1925இல் மறுபதிப்புக் கண்ட பிறகே பரவலாகப் படிக்கப்பட்டது. இன்று சூழலியலின் வரலாற்றை எழுதுவோர் எவரும் அதைத் தொடாமல் கடப்பதில்லை.

அறிவியலைத் தொழிலாகக் கொள்ளாத, தமிழ் பயிற்றுவிப்பதைத் தொழிலாகக் கொண்ட நாம் அக்கட்டுரையை நாடியது அதன் உரைநடைக்காகத்தான். படித்து முடித்தபோது வேறொரு வினா நம்மைப் பற்றிக்கொண்டது. இவ்வளவு தெளிவான ஒரு பார்வைக்கு ஃபோர்ப்ஸ் எவ்வழியே வந்து சேர்ந்தார்? விடை நாம் எதிர்பாராததாக இருந்தது. அவர் ஏரியைக் கரையில் நின்று பார்த்து அதை எழுதவில்லை. ஆண்டுக்கணக்கில் மீன்களின் வயிற்றைக் கிழித்து, உள்ளே இருந்ததை நுண்ணோக்கியின்கீழ் வைத்துப் பார்த்து எழுதினார்.

நம் மொழியில் ‘இரை’ என்ற சொல் இரு பொருள் தாங்கி நிற்கிறது. விலங்கு உண்ணும் உணவும் இரைதான். விலங்கால் கொல்லப்படும் உயிரும் இரைதான். ஒன்றின் உணவு மற்றொன்றின் சாவு என்பதை அந்த ஒரு சொல் அமைதியாகச் சொல்லிவிடுகிறது. எது எதற்கு இரை என்ற கேள்வி குழந்தைகூடக் கேட்கத்தக்கது. அதற்கு மெய்யான விடை காண மனிதர்கள் எவ்வளவு பாடுபட்டார்கள், அவ்விடை எவற்றையெல்லாம் மாற்றிப்போட்டது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

*

ஃபோர்ப்ஸ் 1844இல் இல்லினாயில் ஒரு வேளாண் குடும்பத்தில் பிறந்தவர். அமெரிக்க உள்நாட்டுப் போர் மூண்டபோது பதினேழு வயதில் குதிரைப்படையில் சேர்ந்தார். 1862இல் எதிரிகளிடம் சிக்கிச் சில மாதங்கள் சிறையில் கிடந்தார். மீண்டு வந்து போர் முடியும்வரை படையில் இருந்தார். பிறகு மருத்துவம் படிக்கத் தொடங்கி, பட்டம் பெறாமலே விட்டார். பள்ளி ஆசிரியராக வேலை பார்த்துக்கொண்டே செடிகொடிகளைப் பற்றித் தாமாகக் கற்றார். 1872இல் நார்மல் என்னும் ஊரில் இருந்த இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் காப்பாளரானார். 1877இல் மாநில இயற்கை வரலாற்று ஆய்வுக்கூடத்தை நிறுவினார். இளங்கலைப் பட்டம்கூட இல்லாத அவருக்கு 1884இல் இந்தியானா பல்கலைக்கழகம் முனைவர் பட்டம் அளித்தது.

அக்கால இல்லினாய் மாநிலம் அவரிடம் தத்துவம் கேட்கவில்லை. பழத்தோட்டக்காரர்கள் பறவைகள் தங்களுக்கு நண்பர்களா பகைவர்களா என்று கேட்டார்கள். மீன்வளத் துறையினர் ஆறுகளில் எந்த மீனைப் பெருக்கலாம் என்று கேட்டார்கள். பொரிப்பகங்களில் மீன்குஞ்சுகளைப் பெருந்தொகையில் பொரித்து நீரில் விட்டுக்கொண்டிருந்த காலம் அது. விடப்பட்ட குஞ்சு அங்கே எதைத் தின்று பிழைக்கும் என்பது பற்றி நம்பகமான செய்தி ஏதும் எவரிடமும் இல்லை. வழிவழியாக வந்த நம்பிக்கைகள் இருந்தன. தூண்டில்காரர்களின் கதைகள் இருந்தன. பெரிய மீன் சின்ன மீனைத் தின்னும் என்ற பழமொழி எல்லா நாட்டிலும் இருப்பதுபோல் அங்கும் இருந்தது.

ஃபோர்ப்ஸ் செய்த வேலை எளிமையாகத் தோன்றும். செய்து பார்த்தவர்களுக்கே அதன் கடுமை தெரியும். பிடித்த மீனைச் சாராயத்தில் இட்டுக் காத்து, பிறகு வயிற்றைத் திறந்து, உள்ளிருக்கும் கூழைத் தட்டில் பரப்ப வேண்டும். அங்கே முழு உயிர் எதுவும் இராது. ஒரு பூச்சியின் கால், ஒரு தாடைத் துண்டு, நத்தை ஓட்டின் ஒரு சில்லு, பாசியின் ஓர் இழை, இவைதான் இருக்கும். அந்தக் கால் எந்தப் பூச்சியின் கால் என்று சொல்ல, அந்நீரில் வாழும் எல்லாப் பூச்சிகளையும் முன்பே அறிந்திருக்க வேண்டும். அடுத்து, வயிற்றில் இருந்தவற்றுள் எது எத்தனை பங்கு என்று மதிப்பிட வேண்டும். சிதைந்த ஏட்டுச்சுவடியின் பொடிந்த எழுத்துகளைக் கூட்டிப் பாடம் காணும் பதிப்பாசிரியரின் வேலையோடு இதை ஒப்பிட நமக்குத் தோன்றுகிறது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட மீன்களை இப்படி அவர் ஆராய்ந்தார். 1878இல் தொடங்கிய அந்த அறிக்கை வரிசை 1888இல் ஒரு தொகுப்புரையோடு நிறைவுற்றது.

அவர் கண்டவை பல. மீனின் உடலமைப்பே அதன் உணவைச் சொல்கிறது என்பது ஒன்று. துடுப்பு போல நீண்ட மூக்குடைய மீனின் செவுள்களில் மயிரிழை போன்ற சல்லடை இருக்கிறது. மனிதர் உயரத்துக்கு வளரக்கூடிய அந்த மீன், கண்ணுக்கு அரிதாகத் தெரியும் மிதவை உயிர்களை வடிகட்டித் தின்றே வாழ்கிறது. வேறொரு மீனின் தொண்டையில் அரைகல் போன்ற பற்கள் உள்ளன. அது நத்தைகளையும் சிப்பிகளையும் நொறுக்கித் தின்கிறது. சேற்றைத் தின்னும் மீன்கள் இருந்தன; அவற்றைத் தின்னும் மீன்களும் இருந்தன.

எல்லாவற்றினும் முதன்மையான கண்டுபிடிப்பு வேறு. வளர்ந்தபின் எதைத் தின்னும் மீனாக இருந்தாலும், ஏறக்குறைய எல்லா மீன்களின் குஞ்சுகளும் முதலில் தின்பது ஒன்றையே. நீர்த்தெள்ளு முதலான, இறாலுக்குத் தூரத்து உறவான, கடுகினும் சிறிய உயிர்களே அந்த முதல் உணவு. பேரேரிகளின் வெண்மீன் குஞ்சுகளைத் தொட்டிகளில் வைத்துப் பார்த்தபோதும் அவர் இதையே கண்டார். பெரிய மீன் சின்ன மீனைத் தின்னும் என்ற பழமொழி பொய்யாகிவிடவில்லை. ஆனால் அதில் பாதிக் கதைதான் இருந்தது. பின்னாளில் வேட்டையாடியாகவும் வேட்டைப்பொருளாகவும் பிரியப் போகிற இரண்டு மீன்கள், குஞ்சுப் பருவத்தில் ஒரே பந்தியில் அமர்ந்து உண்கின்றன. அந்தப் பந்தியில் உணவு குறைந்தால் இரண்டும் ஒருசேர அழியும்.

இந்த வெளிச்சத்தில்தான் 1887ஆம் ஆண்டுக் கட்டுரையைப் படிக்க வேண்டும். ‘பாஸ்’ என்னும் வேட்டை மீன் ஒன்றை ஃபோர்ப்ஸ் எடுத்துக்கொள்கிறார். அதை மட்டும் அறிந்தால் போதுமா என்று தொடங்கி, அது தின்னும் மீன்கள், அம்மீன்கள் தின்னும் பூச்சிகள், அப்பூச்சிகளின் உணவு, அதே உணவுக்குப் போட்டியிடும் பிற உயிர்கள் என்று வட்டத்தை விரித்துக்கொண்டே போகிறார். முடிவில் நீரில் மிதக்கும் யூட்ரிகுலேரியா என்னும் செடியில் வந்து நிற்கிறார். இலைகளில் உள்ள நுண்பைகளால் நீர்த்தெள்ளு போன்றவற்றைப் பிடித்துச் செரிக்கும் செடி அது. ஆகவே ஒரு செடி, வலிய வேட்டை மீனொன்றுக்கு உணவுப் போட்டியாளன் ஆகிறது. ஏரியில் ஏதேனும் ஓர் உயிரைத் தொட்டால் அதிர்வு முழு ஏரிக்கும் பரவும் என்று அவர் சொல்வது கவிதை உவமை அல்ல. வயிறுகளில் எண்ணி எடுத்த கணக்கு அது.

அக்கட்டுரையின் இறுதிப் பகுதி நம்மை இன்னும் அலைக்கழிக்கிறது. இரக்கம் என்பதே இல்லாத, ஒவ்வொரு கணமும் கொலை நடக்கிற அவ்வுலகில் எப்படி ஓர் ஒழுங்கு நிலைக்கிறது என்று அவர் கேட்கிறார். வேட்டையாடி அளவுக்கு மீறித் தின்றால் தானே பட்டினி கிடக்கும். இரையாகும் உயிர் அளவுக்கு மீறிப் பெருகினால் அதுவும் பட்டினி கிடக்கும். ஆகவே இரண்டுக்கும் ஒரு பொது நலன் உண்டு என்பது அவர் கண்ட விடை. பதினெட்டு வயதில் போர்க்கைதியாய் இருந்த ஒருவர் நாற்பது வயது கடந்து இதை எழுதுகிறார் என்பதை நாம் மறக்க இயலவில்லை. எனினும் அவர் கூறிய சமநிலையை இன்றைய சூழலியல் அப்படியே ஏற்பதில்லை. அது நிலையான ஒன்றல்ல என்பதை அவர் ஆராய்ந்த ஆறே அவருக்குக் காட்டியது.

*

1894இல் இல்லினாய் ஆற்றங்கரையில் ஹவானா என்னும் சிற்றூரில் ஓர் உயிரியல் நிலையத்தை ஃபோர்ப்ஸ் தொடங்கினார். ஓர் ஆற்றின் உயிர்களை ஆண்டு முழுவதும் தொடர்ந்து கவனிப்பதற்கென அமைந்த முன்னோடி நிலையங்களுள் அது ஒன்று. சார்லஸ் கோஃபாய்ட் அங்கிருந்து ஆற்றின் மிதவை உயிர்களை ஆண்டுக்கணக்கில் அளந்தார். வெள்ளக்காலத்தில் ஆறு கரை கடந்து தாழ்நிலங்களில் பரவுவதையும், அங்கே மீன்கள் முட்டையிடுவதையும், நீர் வடிகையில் ஒதுங்கிய குட்டைகளில் எண்ணற்ற உயிர்கள் சிக்கி மடிவதையும் அங்குள்ளோர் கண்டார்கள்.

1900ஆம் ஆண்டு ஜனவரியில் சிகாகோ நகரின் கழிவுநீர்க் கால்வாய் திறக்கப்பட்டது. அதுவரை சிகாகோ ஆறு நகரின் கழிவைச் சுமந்து மிச்சிகன் ஏரியில் கலந்தது. நகரின் குடிநீரும் அந்த ஏரியிலிருந்தே வந்தது. கொள்ளைநோய்க்கு அஞ்சிய நகரம் ஆற்றின் போக்கையே திருப்பிவிட்டது. கழிவு இல்லினாய் ஆற்றை நோக்கி ஓடத் தொடங்கியது. நகரத்தாருக்கு அது பொறியியலின் வெற்றி. கீழே இருந்த ஆற்றுக்கு அது என்ன என்பதைச் சொல்ல, கால்வாய்க்கு முன்பே அவ்வாற்றை அளந்து வைத்திருந்தவர்கள் ஹவானாவில் இருந்தார்கள்.

ஃபோர்ப்ஸும் அவருடைய உடனுழைப்பாளர் ராபர்ட் ரிச்சர்ட்சனும் மேலாற்றின் நிலையை 1913இல் வெளியிட்டார்கள். மேற்பகுதியில் நீர் உயிர்வளி இழந்து அழுகிக் கிடந்தது. பின்வந்த ஆண்டுகளில் அழிவு கீழ்நோக்கி நகர்ந்ததை ரிச்சர்ட்சன் பதிவு செய்தார். மீன் செத்து மிதந்தால் ஊரார் பார்ப்பார்கள். அவர் ஆற்றின் அடியைத் தோண்டிப் பார்த்தார். நத்தைகளும் சிறு சிப்பிகளும் பூச்சிப் புழுக்களும் இருந்த இடத்தில் சாக்கடைச் சேற்றில் மட்டுமே வாழவல்ல சிவந்த புழுக்கள் நெளிந்தன. மீனின் இரை போய்விட்டது. மீனும் போகும் என்று அதைக் கொண்டே சொல்ல முடிந்தது. எது எதைத் தின்கிறது என்ற பழைய பட்டியல் இப்போது ஒரு குற்றச்சாட்டுக்குச் சான்றாகிவிட்டது. ஃபோர்ப்ஸ் 1930இல் மறைந்தார்.

*

இதற்கிடையே உணவு உறவுகளைக் கோடுகளால் வரைந்து காட்டும் வழக்கம் தோன்றியிருந்தது. ஆர்க்டிக் பகுதியின் பியர் தீவிலிருந்து திரும்பிய சார்லஸ் எல்டன், சம்மர்ஹேஸ் என்பவரோடு சேர்ந்து 1923இல் அத்தீவின் உணவு வலையை வரைந்தார். 1924இல் ஆலிஸ்டர் ஹார்டி வடகடலின் ஹெர்ரிங் மீன் ஒவ்வொரு பருவத்திலும் எதை உண்கிறது என்பதைப் படமாக்கினார். 1927இல் எல்டன் எழுதிய நூல் உணவுச் சங்கிலி என்ற கருத்தைப் பொதுவழக்காக்கியது. இந்தப் படங்களில் அம்புகள் இருந்தன. ஓர் அம்பின் வழியே எவ்வளவு போகிறது என்ற அளவு மட்டும் இல்லை.

அந்த அளவைத் தேடியவர் ரேமண்ட் லிண்டமன் என்ற இளைஞர். 1915இல் மின்னசோட்டாவின் ஒரு பண்ணைக் குடும்பத்தில் பிறந்தவர். முனைவர் பட்டத்துக்காக அவர் எடுத்துக்கொண்டது சீடர் பாக் என்னும் ஒரு சிறிய ஏரி. ஆழம் ஒரு மீட்டர் அளவுதான். சேறு நிரம்பித் தூர்ந்துகொண்டிருந்த முதிய ஏரி. குளிர்காலத்தில் பனிக்கட்டி மூடியபின் உயிர்வளி தீர்ந்து மீன்கள் மூச்சுமுட்டிச் சாகும். ஐந்து ஆண்டுகள் லிண்டமனும் அவர் மனைவி எலினாரும் அந்த ஏரியின் பாசி முதல் மீன் வரை அள்ளி எடுத்து, பிரித்து, எண்ணி, எடையிட்டார்கள்.

பிறகு அவர் ஒரு துணிச்சலான காரியம் செய்தார். உயிர்களின் பெயர்களை ஒதுக்கிவைத்தார். செடி, செடி தின்பது, அதைத் தின்பது என்று படிகளாக அடுக்கி, ஒவ்வொரு படிக்கும் ஆண்டொன்றில் எவ்வளவு ஆற்றல் வந்து சேர்கிறது என்று கணக்கிட்டார். ஏரியின்மேல் விழும் ஒளியாற்றலில் செடிகளும் பாசிகளும் பிடித்துக்கொள்வது 0.10 விழுக்காடு. அதில் செடியுண்ணிகளுக்குப் போவது 13.3 விழுக்காடு. அதில் ஊனுண்ணிகளுக்குப் போவது 22.3 விழுக்காடு. கதிரவன் தந்தது நூறாயிரம் பங்கு என்றால் வேட்டையாடிக்குக் கிடைப்பது ஏறத்தாழ மூன்று பங்கு. கொடிய வேட்டையாடிகள் ஏன் எப்போதும் சிலவாகவே இருக்கின்றன என்பதற்கு இதைவிடத் தெளிவான விடை அதற்குமுன் இருந்ததில்லை. உயர்படிகளில் திறன் கூடிக்கொண்டே செல்லும் என்ற அவருடைய ஊகம் பின்னாளில் நிலைபெறவில்லை; அவர் கணக்கிட்ட முறை நிலைபெற்றது.

அவருடைய படத்தின் நடுவே ஒரு சொல் இருக்கிறது: சேறு. எல்லா உயிர்களும் இறந்து அங்கே வருகின்றன. நுண்ணுயிர்கள் அவற்றைச் சிதைக்கின்றன. அங்கிருந்தே மீண்டும் உயிர்களுக்கு உணவு புறப்படுகிறது. வேட்டை மீனை உச்சியில் வைத்துப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, சேற்றை மையத்தில் வைத்த அந்தப் படம் ஒரு திருத்தம்.

1941இல் யேல் பல்கலைக்கழகத்தில் ஈவ்லின் ஹட்சின்சனிடம் சென்ற லிண்டமன், தம் கட்டுரையை ‘ஈக்காலஜி’ இதழுக்கு அனுப்பினார். மதிப்பீடு செய்த இருவர், சான்சி ஜூடேயும் பால் வெல்ச்சும், ஏரியியலின் பெருமக்கள். இருவரும் வேண்டாம் என்றார்கள். தரவு போதாது, கோட்பாடு மிகுதி, ஏரிகள் ஒவ்வொன்றும் ஒருவிதம், அவற்றைச் சூத்திரத்துக்குள் அடைக்க இது காலமல்ல என்பது அவர்கள் கருத்தின் சாரம். இவர்களை எள்ளி நகையாடுவது எளிது. வாழ்நாளெல்லாம் படகில் சென்று நீர் அள்ளியவர்களின் எச்சரிக்கை அது. அதில் நியாயமும் உண்டு. ஆனாலும் ஒரு முரண் இருக்கிறது. லிண்டமன் தம் ஏரியோடு ஒப்பிட எடுத்துக்கொண்ட மெண்டோட்டா ஏரியின் கணக்குகள் ஜூடே திரட்டியவை. தம் உழைப்பில் இன்னொருவர் கண்ட பொருளை அவரால் ஏற்க முடியவில்லை.

ஹட்சின்சன் இதழாசிரியர் தாமஸ் பார்க்குக்கு விரிவாக எழுதிப் பரிந்து பேசினார். திருத்தி எழுதப்பட்ட கட்டுரையை, மதிப்பீட்டாளர்களின் கருத்தை மீறி, பார்க் 1942 மார்ச்சில் ஏற்றார். லிண்டமன் அப்போது கல்லீரல் நோயால் நலிந்திருந்தார். ஜூன் 29ஆம் நாள் இறந்தார். இருபத்தேழாம் பிறந்தநாளுக்கு ஒரு மாதம் கூட மீதமில்லாதிருந்தது. கட்டுரை அக்டோபரில் ஹட்சின்சனின் இரங்கற்குறிப்போடு வெளிவந்தது. இருபதாம் நூற்றாண்டின் சூழலியலை உருவாக்கிய கட்டுரைகளுள் ஒன்றாக அது இன்று எண்ணப்படுகிறது. அச்சில் அதை அவர் காணவில்லை.

*

வயிற்றைத் திறக்காமலே உணவை அறியும் வழிகள் பின்னர் வந்தன. நைட்ரஜனில் எடை மிகுந்த ஒரு வகை உண்டு. உண்ணப்படும் உயிரிலிருந்து உண்ணும் உயிருக்குச் செல்கையில் அதன் விகிதம் ஆயிரத்துக்கு மூன்று நான்கு என்ற அளவில் கூடுகிறது. தசையின் ஒரு துணுக்கைக் கொண்டே அம்மீன் உணவு வலையில் எந்தப் படியில் நிற்கிறது என்று 1980களிலிருந்து சொல்ல முடிகிறது. வயிறு கடைசி வேளை உணவைச் சொல்லும். தசை பல மாத உணவைச் சொல்லும். ஆனாலும் இன்ன உயிரைத்தான் தின்றது என்று பெயர் சொல்ல, இன்றும் பலர் வயிற்றைத் திறந்தே பார்க்கிறார்கள்.

ஹவானாவில் ஆற்றைக் கண்காணிக்கும் பணி இன்றும் நடக்கிறது. 1970களில் குளங்களின் பாசியைக் கட்டுப்படுத்துவதற்கென ஆசியாவிலிருந்து வெள்ளிக் கெண்டையும் பெருந்தலைக் கெண்டையும் அமெரிக்காவுக்குக் கொண்டுவரப்பட்டன. அவை தப்பி மிசிசிப்பி ஆற்றில் பரவி, 1990களில் இல்லினாய் ஆற்றை எட்டின. 2000க்குப் பிறகு ஹவானாவை ஒட்டிய பகுதியில் கணக்கின்றிப் பெருகின. அவை எந்த மீனையும் கடித்துத் தின்பதில்லை. மிதவை உயிர்களை வடிகட்டித் தின்கின்றன. ஃபோர்ப்ஸ் கண்டாரே, எல்லாக் குஞ்சுகளும் கூடி உண்ணும் முதற்பந்தி, அதில்தான் இவை கை வைத்தன. அதே உணவை நம்பிய இரண்டு உள்ளூர் மீன்கள் தம் நீளத்துக்கு ஏற்ற எடையின்றி மெலிந்துவிட்டதை அங்குள்ள ஆய்வாளர்கள் 2007இல் வெளியிட்டார்கள். எவரும் எவரையும் கொல்லவில்லை. இரை மட்டும் குறைந்தது.

அக்கெண்டைகள் மேலேறி மிச்சிகன் ஏரிக்குள் நுழையக்கூடிய வழி எது? 1900இல் திறந்த அதே கால்வாய். அவற்றைத் தடுக்க அங்கே நீருக்குள் மின்தடுப்பு அமைத்து 2002 முதல் இயக்கி வருகிறார்கள். 2022இல் இல்லினாய் மாநிலம் இக்கெண்டைகளுக்குக் ‘கோப்பி’ என்று புதுப்பெயர் சூட்டி, மக்கள் வாங்கி உண்ணுமாறு கேட்டுக்கொண்டது. உணவு வலையில் மனிதரையே ஒரு வேட்டையாடியாக வந்து நிற்கும்படி ஓர் அரசு அழைப்பு விடுத்திருக்கிறது.

இந்த வரலாற்றில் நம்மை மிகவும் தொடுவது இதுதான். கால்வாயின் கேடும் கெண்டையின் கேடும் புலப்பட்டதற்குக் காரணம், கேடு வருமுன்பே சிலர் அமர்ந்து, பயன் இன்னதென்று அறியாமலே, மீன் வயிற்றில் கிடந்த பூச்சிக்கால்களை எண்ணி எழுதி வைத்ததுதான். எழுதி வைக்கப்படாத ஏரி தூர்ந்துபோனால், போனது என்ன என்று சொல்லக்கூட ஆள் இராது. ஃபோர்ப்ஸின் பட்டியல்களைப் புரட்டுகையில் அவை வறண்ட எண்களாக நமக்குத் தோன்றவில்லை. மறைந்துபோன ஓர் ஆறு அவற்றில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.